பிணம் தொட்ட சோப்பு

தகர டப்பா காலியாக இருந்தது.

பெர்சிதா மூடியைப் போட்டாள். ஒரு மூச்சு விட்டாள். மறுபடி திறந்தாள். அடியில் ஈரம் காய்ந்த வெள்ளைத் தடம் மட்டும்தான். சோப்பைக் காணோம்.

அவளுடைய மாமனார் துர்லானைக் குளிப்பாட்டிய சோப்பு. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு த்ராய்லோ அண்ணன் கழுத்தில் ஆரம்பித்து அந்த வலது காலில் முடித்த சோப்பு. சர்க்கரை வியாதியில் பாதம் கறுத்துப்போய், விரல் இடுக்கில் மஞ்சளாகக் கசிந்துகொண்டே இருந்த கால். கழுவி முடித்தபோது சோப்பின் முதுகில் ஒரு நரைமுடியும் கறுப்பாக ஒரு தோல் சுருளும் ஒட்டியிருந்தன. பெர்சிதாதான் துணியால் பிடித்து டப்பாவில் போட்டாள். அந்தத் துணியை உடனே அடுப்பில் எறிந்தாள்.

உயிரோடு இருந்தவரை அந்தக் காலுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்டியவள் அவள்தான். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. உயிர் போன பிறகு அதே நாற்றம் வேறு ஏதோவாக மாறிவிட்டது.

பிணத்தைத் தொட்ட எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. கழுவிய தண்ணீரை ஆள் கால் படாத வேலியோரத்தில் கொட்டிவிடுவார்கள். சீப்பு, சோப்பு, இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிய கயிறு மூன்றும் சவப்பெட்டிக்குள் போகும். அதுவரை வீட்டு ஆள் ஒருவர் கண் இமைக்காமல் காவல் இருக்க வேண்டும். விளாக் ஜனங்கள் வாழும் இந்த ஹோமோல்யெ மலையில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழ வருகிறார்கள். மீதிப் பேரின் கண் அந்த டப்பாமேல்தான்.

காவல் பெர்சிதாவின் பொறுப்பு.

அவள் எழுந்து போனது ஒரே ஒரு தடவை. விடிகிற நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. புருஷன் பாவுன்தான் தோளைத் தொட்டு, "நான் பாத்துக்கறேன். நீ போயி மூஞ்சியைக் கழுவிட்டு வா" என்றான். திரும்பி வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அசந்துவிட்டான் பாவம், வியன்னாவிலிருந்து ராத்திரி பகலாக பஸ்ஸில் வந்தவன் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளே வந்துபோகக்கூடிய ஆள் இந்த வீட்டில் ஒரே ஒருத்திதான்.

மாமியார் புளோரிகா.

"பெர்சிதா! பாதிரியார் வந்தாச்சு. டப்பாவைக் கொண்டா!" கூடத்திலிருந்து அந்தக் குரலே வந்தது.

சோப்பு தொலைந்தது என்று வாயைத் திறந்தால், திருடியவளே முதலில் ஒப்பாரி வைப்பாள். காவல் இருந்தவள்தான் எடுத்தாள் என்று ஊர் பேசும். அவள் குளியலறைக்கு ஓடினாள்.

தொலைந்த சோப்பு, பாவுன் வியன்னாவிலிருந்து வாங்கி வந்த ஜோடியில் ஒன்று. வயலட் பூ வாசனை. நேற்று அதற்கே ஒரு சண்டை நடந்தது. வீட்டில் காய்ச்சிய பன்றிக் கொழுப்புச் சோப்பை எடுத்துக்கொண்டு புளோரிகா வந்தபோது பாவுன் தடுத்தான். "வாழ்க்கை பூரா அப்பா இந்த நாத்தச் சோப்புலதான் குளிச்சாரு. போறப்பவாவது நல்ல சோப்புல போகட்டும்மா." கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெர்சிதாவும் துடைத்துக்கொண்டாள்.

ஜோடியில் இன்னொன்று பிரிக்காமல் இருந்தது. காகிதத்தைக் கிழித்தாள். தண்ணீரில் நனைத்துத் தரையில் நாலு இழுப்பு இழுத்து மழுக்கினாள். டப்பாவில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

புளோரிகா சாட்சிக்கு மூன்று பொம்பளைகளை நிறுத்தியிருந்தாள். "சீப்பு, பாத்துக்கோங்க. சோப்பு, பாத்துக்கோங்க." ஒவ்வொன்றாகக் காட்டிப் பெட்டியில் புருஷன் காலடியில் வைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து கறுப்புப் பிடி போட்ட கத்தியை எடுத்துக் கால்கட்டுக் கயிற்றை அறுத்து அதையும் உள்ளே போட்டாள்.

"கட்டு அவுத்தாச்சு துர்லான். இனிமே நடந்து போ."

பெர்சிதா மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு போலியைக் கையில் வாங்குகிறவளுக்கு ஒரு புருவமாவது ஆட வேண்டாமா? ஆடவில்லை. கைகாரி!

ஆணி அடித்தார்கள்.

அந்தச் சோப்பு எதற்கு என்று பெர்சிதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிணம் தொட்ட சோப்பைச் சுரண்டிச் சாப்பாட்டில் போட்டுவிட்டால் தின்றவனின் மனசு செத்துப்போகும். ஆசை விட்டுப்போகும். போக நினைத்த இடத்துக்குப் போகமாட்டான். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ். பாவுனோடு அவளும் வியன்னா போகிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று அவன் தள்ளிக்கொண்டே வந்த பயணம். கடைசியில் டவுனில் இருக்கும் தன் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளே அலைந்து விசா வாங்கிவிட்டாள். அவளுடைய துணிப்பெட்டி அவர்கள் கட்டில் அடியில் தயார். நேற்று அவன் வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் சொன்னாள். அப்பா செத்த துக்கத்தில் அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அப்படியா... நல்லது" என்றான்.

மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் புளோரிகாவுக்குச் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

மந்திரத்தில் பெர்சிதாவுக்கு நம்பிக்கை கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நரைமுடியும் தோல் சுருளும் ஒட்டிய அழுக்குக் கட்டி தன் புருஷனின் வாய்க்குள் போகக்கூடாது. போவதற்கு முன்னால் கண்டுபிடித்தாக வேண்டும்.

*

பெட்டி வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கூட்டிக் கழுவ ஒரு ஆள் தங்க வேண்டும். பெர்சிதா துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஊர் மொத்தமும் மாட்டு வண்டிக்குப் பின்னால் மேட்டில் ஏறி மறைந்தது. கொல்லைப்புறத்தில் சாவுச் சாப்பாட்டுக்குக் கொப்பரை வைத்துக் கிளறிக்கொண்டிருந்த எதிர் வீட்டு ருசாந்தா மட்டும்தான் மிச்சம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு பெர்சிதா மாமியாரின் அறைக்குள் நுழைந்தாள்.

கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி. சாவி எங்கே இருக்கும் என்று இத்தனை வருஷமாகத் தெரியும், சாமி படத்துக்குப் பின்னால். இதுவரை தொட்டதில்லை. தொடப் பிடித்ததில்லை.

திறந்ததும் எலிப் புழுக்கையும் பழைய சாம்பிராணியும் ஊசிப்போன கொழுப்பும் கலந்த ஒரு நெடி முகத்தில் அடித்தது. மேலே மடித்து வைத்த பாவாடைகள். அவற்றுக்கு அடியில்தான் சரக்கு.

உரித்த பாம்புச் சட்டை. வறண்டு முறுகிய வௌவால் இறக்கை. ஓநாயின் தாடை எலும்பு, பல்லோடு. யார் யாருடைய செத்த கையிலோ பிடித்திருந்த மெழுகுவர்த்தித் துண்டுகள், விரல் பதிந்த அச்சோடு. ஒரு பாட்டிலில் கலங்கிய தண்ணீர், அதில் நூல் மாதிரி ஏதோ மிதந்தது. அது என்ன தண்ணீர் என்று யோசிக்கவே அவள் விரும்பவில்லை. ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தாள். உள்ளே கெட்டியாக, மஞ்சளாக, வெட்டிய கால் நகங்கள். அவற்றோடு காய்ந்த கருவாட்டுத் துண்டு போல ஒன்று. சிவப்பு நூலால் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது.

தொப்புள்கொடி. பாவுனுடையது.

பயமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதனை நாற்பது வயது வரை இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து வைப்பாளா ஒருத்தி? தன் விரல்களைக் கவுனில் துடைத்தாள். போதவில்லை. மறுபடி துடைத்தாள்.

சோப்பு இல்லை. மூலைவரை கைவிட்டுத் துழாவினாள். ஏதோ கனமாகத் தட்டியது.

பூட்டு.

சின்ன இரும்புப் பூட்டு, பூட்டியபடி. சாவி கிடையாது. அதைச் சுற்றி வெளுத்துப்போன ஒரு சிவப்பு நாடா. நாடாவின் ஓரத்தில் வெள்ளை நூலில் புறா தைத்திருந்தது. அந்தப் புறாவைத் தைத்தவள் அவளுடைய அம்மா. அவள் கல்யாணத்தன்று தலையில் கட்டியிருந்த நாடா.

அன்றைக்கு வாசற்படியில் ஒரு துணியை விரித்து அதன்மேல் மிதித்து வரச் சொன்னார்கள். துணிக்கு அடியில் கட்டியாக ஏதோ இடறியது. "என்ன அத்தை, காலுல இடிக்குது?" என்று கேட்டதும், "கல்லா இருக்கும். வா வா, நேரமாச்சு" என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்ததும் நேற்று நடந்தது போல ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு பிள்ளைக்காக எத்தனை டாக்டர். எத்தனை கோயில். ஒவ்வொரு மாதமும் குளியலறையில் உட்கார்ந்து அழுகை. "உனக்கு நேரம் வரல" என்று இதே மாமியார் தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். தடவிய கையில் அப்போது என்ன என்ன இருந்ததோ!

இரும்புத் துண்டு ஒரு கருப்பையைப் பூட்டும் என்று பெர்சிதா இப்போதும் நம்பவில்லை. ஆனால் பூட்ட வேண்டும் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். நாடாவைத் திருடி, பூட்டைத் தேடி, படியில் ஒளித்து, எடுத்துப் பத்திரப்படுத்தி... அந்த நினைப்பு இந்தப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும்விட நாறியது.

"என்னடி பண்றே அங்க?"

வாசலில் ருசாந்தா. கையில் அகப்பை.

பெர்சிதா பூட்டைக் கவுன் பையில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணுமில்லக்கா. மேஜை விரிப்பு தேடறேன்."

"புளோரிகா பெட்டியில மேஜை விரிப்பா? அதுல சாப்பாடு போட்டா நாளைக்கு ஊரே நாலு கால்ல நடக்கும்." ருசாந்தா கண்ணைச் சிமிட்டினாள். பிறகு குரல் தணிந்தது. "சோப்பைத்தானே தேடறே?"

பெர்சிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி..."

"பெட்டிக்குள்ள போன சோப்பு புத்தம்புதுசு. முனைகூடக் கரையல. நான் கண்ணை மூடிக்கிட்டா சாட்சி நின்னேன்? வாயைத் தொறக்கல, அவ்வளவுதான். காவல் நீ. உன்னைத்தான் மெல்லுவாங்க."

"அத்தைதான் எடுத்திருக்காங்கக்கா. பாவுனுக்குப் போட."

"போட்டா என்ன? ஆம்பளைங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது, கொஞ்சம் அடங்குவாங்க. என் வீட்டுக்காரருக்கு நான் குடுத்தேனே, எங்க சித்தி செத்தப்போ. அதிலிருந்து சத்தம் போடவே இல்ல."

"ஐயோ அக்கா! சித்தியைக் குளிப்பாட்டின சோப்பையா?"

"கத்தாதேடி. அந்த வருஷமே அவருக்குப் பல்லு மொத்தமும் கொட்டிடுச்சு, அதுவும் ஒரு காரணம்தான்." ருசாந்தா அகப்பையை நக்கிப் பார்த்தாள். "ஒரு நகக்கண்ணு அளவுதான் போடணும். சூப்புல கலந்து, மெழுகுவத்தி ஏத்தி, செத்தவரு பேரைச் சொல்லிக் குடுக்கணும். அப்படிக் குடுத்தா யாராலயும் வேணாம்னு சொல்ல முடியாதில்ல? அதான் சூட்சுமம்."

செத்தவர் பேரைச் சொல்லிக் கொடுத்ததைத் தட்டக்கூடாது. இங்கே ஒருவர் தின்றால்தான் அது அந்த உலகத்தில் அவர் முன்னால் போய்ச் சேரும்; தட்டினால் அவர் பட்டினி. இந்த மலையில் திருடன்கூட அதைத் தட்டமாட்டான்.

மேட்டில் ஜனங்கள் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டது.

*

கொல்லையில் பிளம் மரங்களுக்குக் கீழே நீள மேஜைகள். தட்டுக்குத் தட்டு மெழுகுவர்த்தி. ரொட்டி, அவித்த கோதுமை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, பிளம் சாராயம், கொப்பரை கொப்பரையாகக் கோழி சூப். காலியாக விட்ட ஒரு நாற்காலிக்கு எதிரே துர்லானுக்கும் ஒரு தட்டு.

பெர்சிதா உட்காரவில்லை. பாவுனின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். ரொட்டியை அவளே பிய்த்து வைத்தாள். சாராயத்தை அவளே ஊற்றினாள்.

"என்ன பெர்சிதா, புருஷனைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுமா?" என்றார் த்ராய்லோ. நாலு பேர் சிரித்தார்கள். பாவுன் சிரிக்கவில்லை. அவன் நெற்றியில் வேர்வை மினுங்கியது.

கடைசியில் அது வந்தது. புளோரிகா ஒரு கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மகனை நோக்கி நேராக வந்தாள். கிண்ணத்தின் விளிம்பில் ரொட்டித் துண்டு, ரொட்டியில் குத்திய மெழுகுவர்த்தி.

"அப்பா பேருக்கு. துர்லானுக்கு முன்னால போய்ச் சேரட்டும்."

பாவுன் கையை நீட்டுவதற்குள் பெர்சிதா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். "சேரட்டும். நான் வாங்கிக்கறேன் அத்தை. காலையிலேர்ந்து பட்டினி."

புளோரிகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு வேற தரமாட்டேனா? எடுத்துக்க. தின்னு. உடம்புல என்ன இருக்கு உனக்கு?"

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

பெர்சிதா கிண்ணத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். கோழி, மிளகு, வோக்கோசுக் கீரை. வேறு ஒன்றும் இல்லை. கரண்டியால் அடிவரை கிளறினாள். நூடுல்ஸ், ஒரு காரட் துண்டு. மேலே கொழுப்பு சின்னச் சின்னப் பொன் வட்டங்களாகத் தெளிவாக மிதந்தது. நல்ல சூப்.

அவள் குழம்பிப்போனாள். அப்படியானால் சோப்பு எங்கே? நாளைக்கா? நாளை மறுநாளா?

"நீ உக்காரு."

பாவுன் எழுந்து அவளுக்கு இடம் விட்டான். வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்தபோது அவன் கையில் ஒரு கிண்ணம். விளிம்பில் ரொட்டி. ரொட்டியில் மெழுகுவர்த்தி.

மேஜையில் பேச்சு தேய்ந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை அவன்.

"அடேங்கப்பா! வியன்னாவுல இதெல்லாம் கத்துக் குடுக்கறாங்களா?" என்றாள் ருசாந்தா.

பாவுன் யாரையும் பார்க்கவில்லை. பெர்சிதாவையும் பார்க்கவில்லை. கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். "அப்பா பேருக்கு. அவருக்கு நீதான் எல்லாம் செஞ்சே. துர்லானுக்கு முன்னால போய்ச் சேரட்டும்."

அந்தக் காலைக் கழுவினது, கட்டினது எல்லாவற்றையும் ஒருத்தன் பார்த்திருக்கிறான், மனசில் வைத்திருக்கிறான். சபையில் சொல்லவும் சொல்லிவிட்டான். இதற்குமேல் என்ன வேண்டும்?

"சேரட்டும்" என்று வாங்கினாள். கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தாள்.

வயலட் பூ.

கரண்டி உதட்டிலேயே நின்றுவிட்டது. மிளகுக்கும் கோழிக்கும் பின்னாலிருந்து மெல்ல, இனிப்பாக, கொழகொழவென்று அந்த வாசனை எழுந்து வந்தது. பூவுக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அதை மூக்கு சொன்னதா, மனசு சொன்னதா தெரியாது. கறுத்த பாதம். மஞ்சள் கசிவு.

கண்ணைத் தாழ்த்திக் கிண்ணத்தைப் பார்த்தாள். இதில் கொழுப்பு வட்டங்கள் இல்லை. கலங்கி வெளுத்துக் கிடந்தது. கிண்ணத்தின் ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாக நுரை.

ஜோடியில் ஒரு சோப்பு காலையில் மண்ணுக்குள் போயாச்சு. போட்டவள் அவள். இந்த வீட்டில் வயலட் வாசனை இனி ஒரே ஒரு பொருளில்தான் இருக்க முடியும்.

"நான் பாத்துக்கறேன். நீ போயி மூஞ்சியைக் கழுவிட்டு வா."

விடியற்காலையில் மூடியிருந்த அந்தக் கண்கள் தூங்கவில்லை.

அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழுங்கிவிட்டாளா என்று.

பெர்சிதா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து நின்றாள். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. பக்கத்துத் தட்டிலிருந்த சுடரில் அதைப் பற்றவைத்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாவுன், உங்கப்பா பேருக்கு. துர்லானுக்கு முன்னால போய்ச் சேரட்டும்."

அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். "எனக்கு... நான் சாப்பிட்டாச்சு. பசிக்கல."

"அட, அப்பன் பேருக்குக் குடுக்கறாங்க, பசிக்குதா பசிக்கலையான்னா கேக்கறாங்க?" த்ராய்லோ மேஜையைத் தட்டினார். "வாங்குடா!"

வாங்கினான். வாங்காமல் என்ன செய்வான்? கிண்ணம் அவன் கையில் தளும்பியது. கரண்டியை எடுத்தான். மூக்கருகில் வந்ததும் அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கரண்டி திரும்பக் கிண்ணத்துக்கே போனது.

விளாக் ஜனங்களுக்கு இதற்குமேல் யாரும் எதுவும் விளக்க வேண்டாம். ஒருத்தன் அப்பன் பேருக்கு வந்த சூப்பைக் குடிக்கமாட்டேன் என்கிறான். அது அவன் பெண்டாட்டிக்கு அவன் கொடுத்த சூப். ருசாந்தாவின் கை மெதுவாக வாய்க்குப் போனது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு புளோரிகா வந்தாள். கிண்ணத்துக்கு மேல் குனிந்தாள். ஒரு தடவை முகர்ந்தாள். அவ்வளவு போதும் அவளுக்கு. மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மேஜையில் வரிசையாகத் திறந்திருந்த கண்களைப் பார்த்தாள்.

பிறகு மகன் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். "இவனுக்கு வயிறு சரியில்ல. பஸ்ல கண்டதைத் தின்னுட்டு வந்திருக்கான். என் புருஷன் பேருக்கு வந்தது, வீணாப் போகக்கூடாது."

தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தாள். மடக் மடக்கென்று. கழுத்துச் சுருக்கங்கள் ஏறி இறங்கின. நூடுல்ஸ் ஒன்று மோவாயில் தொங்கியது, விரலால் உள்ளே தள்ளிக்கொண்டாள். அடியில் தங்கியிருந்த வெள்ளைக் கசண்டையும் ரொட்டியால் வழித்துத் தின்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அவளுடைய உதட்டு மூலையில் நுரை ஒரு முத்துப் போல நின்றது.

"உப்பு பத்தல" என்றாள். "யாரு சமைச்சது?"

*

பெர்சிதா பிளம் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் பித்தம்தான் வந்தது.

பின்னால் பாவுன் நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் பெர்சிதா... அங்க ஒருத்தி இருக்கா. ஒரு பொண்ணும் இருக்கா, சின்னக் குழந்தை. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ பாட்டுக்கு விசா வாங்கிட்டே. அதைச் சாப்பிட்டிருந்தா உனக்கே மனசு விட்டுப் போயிருக்கும். வரலேன்னு நீயே சொல்லிருப்பே. வலிச்சிருக்காது. உன் நல்லதுக்குத்தான்..."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். நல்ல சட்டை. நல்ல வாட்ச். நேர் வகிடு. இந்த ஆளின் அப்பாவினுடைய அழுகின காலுக்கு அவள் மருந்து வைத்த அத்தனை நாளும் இவன் அங்கே தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் காலின் அழுக்கைச் சுரண்டி அவள் வாயில் ஊட்ட வந்துவிட்டு, வலிக்கக் கூடாதென்று சொல்கிறான். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது அவனுக்கு. அதை உறிஞ்சிக்கொண்டான்.

மாமியாரின் பெட்டியில் தேடினால் வௌவால் இறக்கையாவது கிடைக்கும். இவனிடம் தேடினால் அதுகூடக் கிடைக்காது என்று தோன்றியது அவளுக்கு.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே பாவுன். ஒரே வார்த்தை. சோப்பைவிட அதுக்கா நாத்தம்?"

வேலிப் பக்கமிருந்து புளோரிகா வந்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு ஏப்பம் விட்டாள். வயலட் வாசனை. மகனை முழங்கையால் இடித்தாள்.

"மடையா! நம்ம வீட்டுச் சோப்பாலயே குளிப்பாட்டலாம்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பன்னிக் கொழுப்பு சூப்புல போட்டா சூப்போட சூப்பாக் கரைஞ்சிருக்கும், ஒரு நாய்க்கும் தெரிஞ்சிருக்காது. இவரு வாசனைச் சோப்பு வாங்கிட்டு வந்தாரு. அதுலயும் கட்டை விரல் அளவுக்கு வெட்டிப் போட்டிருக்கே! துணி துவைக்கவா போனே?"

பிறகு மருமகளிடம் திரும்பினாள். குரல் குழைந்தது. "ஆம்பள புத்தி, விடும்மா. நான்தான் குடிச்சுட்டேன்ல? ஊருக்கு ஒண்ணும் தெரியாது. நீ இங்கயே என்கூட இரு. அவன் வந்துட்டுப் போயிட்டு இருக்கட்டும். நமக்கு என்ன குறை?"

பெர்சிதா கவுன் பையில் கைவிட்டாள். பூட்டை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

புளோரிகாவின் முகம் அப்போதுதான் முதல் தடவையாக ஆடியது. பெட்டி மூடும்போது ஆடாத புருவம்.

"அது... அது ரொம்பப் பழசும்மா. பிள்ளைன்னு ஒண்ணு வந்தா நீ அவனைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவியோன்னு..."

"பூட்டு நல்ல பூட்டுதான் அத்தை. வாசல்தான் மாறிப்போச்சு. உங்களுக்குப் பேத்தி இருக்காளாம் வியன்னாவுல. உங்க பிள்ளையைக் கேளுங்க."

புளோரிகா மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கிழவியின் உதட்டு மூலையில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"பேத்தியா?" என்றாள். அதைக் கேட்டபோது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததா இல்லையா? வந்தது. பெர்சிதா பார்த்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தன் கட்டிலுக்கு அடியிலிருந்த துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். படியை மிதிக்காமல் தாண்டினாள். கொல்லையில் மறுபடி பேச்சும் சிரிப்பும் ஆரம்பித்திருந்தன. யாரோ துர்லானின் குடியைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வியன்னா பஸ் ஞாயிற்றுக்கிழமை. டவுன் பஸ் தினமும் சாயங்காலம் உண்டு. டவுனில் அக்கா வீடு.

பஸ் நிற்கும் இடத்தில் மலையிலிருந்து வருகிற தண்ணீருக்குக் கல்லில் ஒரு தொட்டி. பெர்சிதா பெட்டியை வைத்துவிட்டுக் குனிந்து முகத்தைக் கழுவினாள். கை, வாய், மறுபடி கை. உதட்டில் அந்த வாசனை அப்படியே இருந்தது. தண்ணீருக்கெல்லாம் அது போவதாக இல்லை.

தொட்டியின் விளிம்பில், வழிப்போக்கர்களுக்காக யாரோ ஒரு சோப்பு வைத்திருந்தார்கள். வெடித்துப்போன பழைய சோப்பு. அதன்மேல் ஒரு முடி ஒட்டியிருந்தது.

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, தொட்டியடியில் படிந்திருந்த மணலை ஒரு கை அள்ளினாள். தோல் சிவக்கும்வரை உதட்டைத் தேய்த்தாள். பஸ் சத்தம் கேட்டபோதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.